எட்டாம் நம்பர் பூட்ஸ்

ஆண்கள் வார்டுக்குத் திரும்பும் நடையிலேயே சிரிப்புச் சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது. வந்துவிட்டார்கள். நோயாளிகளைப் பார்க்க நாலு மணிக்குத்தான் விடுவார்கள் என்றால், மூன்றரைக்கே வாசலில் வந்து காவல்காரரோடு மல்லுக்கு நிற்கிற கூட்டம் அது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு, ஆவியில் பாதி வெந்து, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் ஓடி வருகிறவளுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில்கூட இவர்கள் பந்துக் கதை பேசிச் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்புமுன்பே டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். நாளைக் காலையில் எடுத்தால் முட்டி மிஞ்சும். தள்ளிப் போட்டால் தொடைவரைக்கும் போகும். அதற்கும் மேலே போனால் எதை எடுப்பது என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "நான் கையெழுத்துப் போடறேன் சார்," என்றாள். "அவர் நல்ல நினைவோட இருக்கார்மா. அவர்தான் போடணும்," என்றார் டாக்டர். நல்ல நினைவோடு இருந்த அவள் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு பேரைக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார். அந்த நாலு பேர் என்பது மூன்று பேர். அவர்கள்தான் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலைச் சுற்றி மூன்று நாற்காலி. மற்ற நோயாளிகளின் வீட்டார் உட்கார வைத்திருந்ததைக் கேட்காமல் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக ஜவுளிக்கடைக்காரர், ஊர்க் கால்பந்து ரசிகர் மன்றத்தின் தலைவர். அவருக்கு இந்தப் பக்கம் லாரி டிரைவர். ஆட்டம் பார்ப்பதற்காகச் சரக்கு லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து வேலையை இழந்தவர், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர். அந்தப் பக்கம் கமெண்ட்ரி. டெலிபோன் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். இளவயதில் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு கேலரியில் நின்று கமெண்ட்ரி சொன்னதில் வந்த பேர், பெற்றவர்கள் வைத்த பேரை விழுங்கிவிட்டது. கட்டில் மேஜையில் ஆப்பிளும், கூடவே பெரிய இனிப்புப் பெட்டியும் இருந்தன. சர்க்கரை முற்றிக் கால் அழுகிக் கிடக்கிறவருக்கு இனிப்புப் பெட்டி. அவள் அதை எடுத்து அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"வாங்க அண்ணி," என்றார் ஜவுளிக்கடைக்காரர். "டாக்டர் என்னமோ ரொம்ப அவசரப்படறாராமே."

"அவசரம் அவருக்கு இல்ல. காலுக்கு."

"அதில்ல அண்ணி. அடுத்த மாசம் மைதானத்துல புது கேலரி திறக்கறோம். பீரங்கிதான் முதல் பந்தை உதைக்கறாருன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. அதுவரைக்கும் தாங்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

பீரங்கி என்பது அவள் புருஷன். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியும் அந்தப் பேரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவர் ஆட்டத்தை விட்டு, ஆலையில் ஸ்டோர் கீப்பராகி, தொப்பையும் போட்ட பிறகுதான் அவளைக் கட்டிக்கொண்டார். ஒரு ஆட்டம்கூட அவள் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் யார் படம் பிடித்து வைத்தார்கள்? வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற ஒரே போட்டோவில் தோளுக்குக் கீழே எதுவும் கிடையாது. ஊரே பேசுகிற அந்த இடது காலை அவள் வேறு விதமாகத்தான் அறிவாள். தூக்கத்தில் அது உதைக்கும். கல்யாணமான புதிதில் அவள் முழங்கால் முழுக்கக் கன்றிப்போய் நொண்டியதில், பக்கத்து வீட்டுக்காரி வேறு மாதிரி நினைத்துக்கொண்டு துக்கம் விசாரித்தாள். அன்றிலிருந்து அவருக்கு வலது பக்கமாகப் படுக்கப் பழகிக்கொண்டாள். இந்த ஒரு வருஷமாகத் தினம் இரண்டு வேளை அந்தக் காலைக் கழுவிக் கட்டுப் போடுவதும் அவள்தான். எந்த விரலுக்கு இடையில் முதலில் ஈரம் கோக்கும், எந்தப் பக்கம் தொட்டால் அவருக்கு உணர்வே இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நோட்டீஸ் அடிச்சுட்டீங்கன்னா அப்புறம் என்ன, காலை வச்சுக்க வேண்டியதுதான்," என்றாள்.

ஜவுளிக்கடைக்காரருக்கு அதில் இருந்த குத்தல் ஏறவில்லை. லாரி டிரைவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என் மச்சானுக்கும் இப்படித்தான் அண்ணி, வெட்டணும்னாங்க. ஒருத்தர் எண்ணெய் குடுத்தாரு. தடவினான். வெட்டவே இல்ல."

"இப்ப எப்படி இருக்காரு உங்க மச்சான்?"

லாரி டிரைவர் ஆப்பிளைப் பார்த்தார். "அவன் வேற வியாதியில போயிட்டான்."

அவள் புருஷன் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் பேசும்போது அவர் கிழவர், சுவரைப் பார்க்கிறவர். இவர்கள் வந்தால் தலையணையில் நிமிர்ந்துகொள்கிறார், முகத்தில் ரத்தம் ஓடுகிறது. இவர்கள் ஒரு கோலைச் சொன்னால் ஒரு நாளைத் தள்ளிப் போடுவார். இன்னொன்றைச் சொன்னால் இன்னொரு நாள். இப்படியே பேசிப் பேசி அவரைக் கொன்றுவிட்டு, இரங்கல் கூட்டத்திலும் இதே கோல்களைத்தான் சொல்லப் போகிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மூன்று பேரையும் அந்த நிமிஷத்தில் அவள் மனதார வெறுத்தாள்.

"அது என்ன சாதாரணக் காலா அண்ணி," என்றார் கமெண்ட்ரி. குரல் குழைந்தது. "அது ஊரோட சொத்து."

"அப்படியா? சொத்தை நீங்க பாத்து ரொம்ப நாளாச்சு. பாத்துட்டுப் போங்க."

கட்டிலைச் சுற்றி இருந்த திரையை இழுத்து விட்டாள். கால்மாட்டில் போர்வையை மடித்துத் தூக்கினாள். "ஏய், வேண்டாம்," என்றார் அவள் புருஷன். அவளை ஏய் என்று அவர் அழைப்பது அபூர்வம். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டின் நுனியை எடுத்து, சலவைக்கூடத்தில் துணி பிரிக்கிற நிதானத்தோடு சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்றுக்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. மூன்று விரல்கள் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. குதிகாலுக்கு மேலே கை வைக்கிற அகலத்துக்குப் புண், அதிலிருந்து ஒரு சிவப்புத் தடம் கெண்டைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது.

ஜவுளிக்கடைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "போன் வருது," என்று எழுந்து போனார் லாரி டிரைவர். போன் அடிக்கவே இல்லை. கமெண்ட்ரி மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இது எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றாள். "போன வருஷம் பாராட்டு விழான்னு சொல்லிப் பூட்ஸ் வாங்கிக் குடுத்தீங்களே, தங்கக் கலர்ல. எட்டாம் நம்பர். இவருக்கு ஒன்பதரை. நான் கட்டிக்கிட்ட நாள்லேருந்தே ஒன்பதரை. யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சும்மா இரு," என்றார் அவள் புருஷன்.

"ஒரு வருஷம் சும்மா இருந்தாச்சு. அதை மாட்டிவிட்டு மைதானத்தைச் சுத்தி நடக்க வச்சீங்க. இவருக்குத்தான் கால்ல உணர்வு கிடையாதே, கடிச்சது தெரியல. வீட்டுக்கு வந்து நான் கழட்டினா சாக்ஸ் சதையோட ஒட்டிக்கிட்டு வருது. யாருக்கும் சொல்லாதேன்னார். ஆசையா வாங்கிக் குடுத்தாங்களாம்."

"பீரங்கி எப்பவும் எட்டுதான் அண்ணி," என்றார் ஜவுளிக்கடைக்காரர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "மன்றத்துல கண்ணாடிப் பெட்டியில அவரோட பழைய பூட்ஸ் இருக்கு. உள்ளே எட்டுன்னு போட்டிருக்கு. அதைப் பாத்துத்தான் வாங்கினோம்."

"அது இருபத்தஞ்சு வயசுக் கால்."

"அப்ப எங்களைக் குத்தம் சொல்றீங்க."

"ஆமா."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. புருஷனைப் பார்த்தபோது அந்த இடத்தில் வேறொரு கல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் கைகள் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன். அவருடைய காலை அவருடைய மன்றத் தலைவரே மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும்படி செய்துவிட்டாள். வேண்டுமென்றுதான் செய்தாள், இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வாள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கமெண்ட்ரி திடீரென்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். யாருக்கும் சொல்கிற மாதிரி இல்லை. கண் அந்தப் புண்ணிலேயே இருந்தது. "துறைமுகம் டீமோட செமி ஃபைனல். மழை. மைதானம் பூரா சேறு. மூலையிலேருந்து பந்து வருது. பீரங்கி கோலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. திரும்பல. பாக்கவே இல்ல. திரும்பற வேகத்துலயே இடது கால்..."

"அது வலது கால்," என்றார் அவள் புருஷன்.

கமெண்ட்ரி நிறுத்தினார். ஜவுளிக்கடைக்காரரின் கைக்குட்டை கீழே இறங்கியது.

"என்னண்ணே சொல்றீங்க?" என்றார் கமெண்ட்ரி.

"இடது கால் சேத்துல மாட்டிக்கிச்சு. எடுக்க வரல. கீழ விழப் போனேன். வலது கால்ல பந்து பட்டுச்சு. போயிடுச்சு."

"நான் கோல் போஸ்டுக்குப் பின்னாடிதான் நின்னேன்," என்றார் ஜவுளிக்கடைக்காரர். "என் கண்ணால பாத்தேன்."

"நீ நின்னே. அடிச்சது நான்."

போன் பேசப் போன லாரி டிரைவர் திரைக்கு வெளியேயிருந்து தலையை நீட்டினார். "மருந்து மயக்கமா இருக்கும். எங்க சித்தப்பாவும் கடைசியில இப்படித்தான் மாத்தி மாத்திப் பேசினாரு." அவரை யாரும் கவனிக்கவில்லை. கமெண்ட்ரிக்கு உதடு நடுங்கியது. துக்கம் என்று அவள் முதலில் நினைத்தாள். இல்லை, கோபம். கையில் செய்தித்தாள் இருந்திருந்தால் அதைச் சுருட்டி அவரை அடித்திருப்பார்.

"நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டு வரேன். கல்யாண வீட்டுல சொல்லியிருக்கேன். பஸ்ஸுல முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட சொல்லியிருக்கேன். உங்க எதிர்லயே எத்தனை தடவை சொன்னேன். ஒரு தடவையாவது இல்லைன்னு சொன்னீங்களா?"

"நீ சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்தே. எதுக்குக் கெடுக்கணும்."

"இப்ப மட்டும் எதுக்குக் கெடுக்கறீங்க?"

ஜவுளிக்கடைக்காரர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். கடையில் துணியெல்லாம் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு வாங்காமல் போகிறவரைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார். "நல்லா ரெஸ்ட் எடுங்க. திறப்பு விழாவுக்கு நாங்க வேற யாரையாவது பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்புக்குக்கூட வாயில் வரவில்லை. லாரி டிரைவர் ஆப்பிளை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறி, வைத்துவிட்டுப் போனார். கமெண்ட்ரி கடைசியாகப் போனார். வார்டு வாசலில் நின்று திரும்பி, எல்லா நோயாளிகளுக்கும் கேட்கிற மாதிரி, "இடது கால்தான்," என்றார். பிறகு அவரையும் காணோம்.

நாற்காலிகளை எடுத்து அந்தந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நர்ஸக் கூப்பிடு. பேனா எடுத்துட்டு வரச் சொல்லு."

நர்ஸ் காகிதத்தை அட்டையில் வைத்து நீட்டினாள். அவர் பெரிய பெரிய எழுத்தில், கடைசி எழுத்தை வாலாக நீட்டி, ரசிகர்களுக்குப் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டார். வேறு கையெழுத்து அவருக்குத் தெரியாது. நர்ஸ் புண்ணைத் துடைத்துப் புதிதாகக் கட்டுப் போட்டாள். பிறகு மை பேனாவை எடுத்து, தப்பு நேரக்கூடாது என்பதற்காக, இடது முட்டிக்குக் கீழே பெரிதாக ஒரு அம்புக்குறி வரைந்தாள். அது காயும்வரை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தூங்குவதற்கு ஊசியும் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் வழக்கம்போல அவருக்கு வலது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் நாறியது. கழுவிவிட்டு வரலாம், ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"நெசமாவே வலது காலா?" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

"நீதான் பாக்கலியே," என்றார்.

அதில் குறையும் இல்லை, கேலியும் இல்லை. அப்புறம் மூச்சு சீரானது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஜன்னலில் இருந்த வெயில் கட்டில் கம்பியை விட்டு இறங்கித் தரைக்குப் போனது. பார்வை நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். வார்டில் ஒவ்வொருவராக எழுந்து பைகளை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு இன்றைக்கு இரவு தங்க அனுமதி வாங்கியாகிவிட்டது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து, இத்தனை வருஷமாக உட்காராத இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முழங்கையை அவர் காலருகே மெத்தையில் ஊன்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, அம்புக்குறி போட்ட அந்தக் கால் கட்டோடு வெடுக்கென்று எழுந்து ஓங்கி உதைத்தது. அடி அவள் முழங்கையில்தான் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.