மலை எடுத்துக்கொள்ளவில்லை

கத்தரிக்கோல் மொண்ணை. வெரேனா விடாமல் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க அச்சடித்த அட்டைகள். மேலே படத்தில் தம்பி செவெரின், பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறான். கீழே ஒரு வரி: ‘மலை அவனை எடுத்துக்கொண்டது.’ அந்த வரியைத்தான் வெட்டி வெட்டி அடுப்பில் போட்டாள்.

“என்ன பண்றே?” வாசலில் குந்தர் மாமா. அப்பாவின் சறுக்குச் சங்கத்துச் சிநேகிதர். வாசகம் அவர் கொடுத்தது. “நம்ம டிரோல் சீமையில, மலையில உயிர் போன எல்லாருக்கும் இப்படித்தான் போடுவோம்.”

“போட்டுட்டு அடுத்த வருஷமும் ஏறுவீங்க.”

“படிச்ச திமிரு.”

“ஆமா மாமா. இந்த வீட்டுல நான் ஒருத்திதான் படிச்சேன். அதுவும் பனியைப் பத்தி. எவனாவது கேட்டீங்களா?”

அப்பா ஹார்ட்விக் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், செவெரினைப் பனி மூடிய அந்தச் சரிவில் ஏறுவது சங்கத்து வழக்கம். இந்த முறை அதற்கு முன்பே வெரேனா போய்க் குழி தோண்டிப் பார்த்தாள். மேலே காற்று இறுக்கிய புதுப்பனி. அடியில் பழைய பனி சர்க்கரையாய் உதிர்ந்தது. மண்வெட்டியை வைத்து லேசாகத் தட்டியதும் மேல்பாளம் வழுக்கி அவள் மடியில் விழுந்தது. ஏறாதீர்கள் என்று வந்து சொன்னாள். பனிச்சரிவு அபாய அளவு மூன்று என்று அன்றைய அறிக்கையும் சொன்னது.

“அஞ்சுல மூணுதானே? பள்ளிக்கூடத்துல எனக்கு எப்பவும் மூணுதான். பாஸாகலையா?” என்று சிரித்தார் அப்பா. அப்பா சிரித்தால் செவெரினும் சிரிப்பான். சிரித்தான். அவரோடு போனான்.

“அப்பா, சத்தம் கேட்டுச்சா?” கத்தரிக்கோலை வைக்காமலே கேட்டாள். “சரிவுக்கு முன்னாடி, சமதரையிலேயே, காலடியில ‘வும்’னு பனி அமுங்கியிருக்கும். அடியில இருக்கறது நொறுங்குற சத்தம். கேட்டா அங்கேயே திரும்பிடணும். கேட்டுச்சா?”

“ஒண்ணும் கேக்கல,” குந்தர் முந்திக்கொண்டார். “நானும்தானே இருந்தேன். சொல்லாம கொள்ளாம வந்துச்சு.”

“உங்களைக் கேக்கல.”

அப்பா கயிற்றை இறுக்கினார்.

அம்மா உள்ளே வந்து, வெட்டிய அட்டை வெட்டாத அட்டை எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளினாள். “போதும். பிள்ளையைத் தூக்கணும்.”

சவப்பெட்டி வீட்டிலிருந்து கோயிலுக்குப் புல்வெளியைக் கடந்துதான் போகும். யாரும் மிதிக்காத பனியில் குடும்பத்து ஆண் முன்னே நடந்து தடம் போட வேண்டும். அப்பா முன்னே போனார். பின்னால், அவனைத் தோண்டியெடுத்த மீட்புப் படையினர் தோளில் செவெரின். அதன் பின்னால் அம்மா, வெரேனா. அப்புறம் குந்தரும் ஊரும், வானிலை பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டு.

புல்வெளியின் பாதியில் பனிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வும்.

புல்வெளி தட்டை, சரிய அங்கே ஒன்றுமில்லை. பின்னால் ஊர்ப்பேச்சு நிற்கவில்லை.

அப்பா நின்றுவிட்டார். தூக்கிய வலது கால் பனிக்கு மேலேயே இருந்தது. பெட்டி நின்றது. ஊர் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றது.

“என்ன ஹார்ட்விக்? நட,” என்றார் குந்தர்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. காலையும் கீழே வைக்கவில்லை.