தடித்த அட்டை இரண்டு

ரேஷ்மி டீச்சர் ஆறாம் வகுப்பில் ஒரு சட்டம் இயற்றியிருந்தார். எவர் வாயிலிருந்து ஆங்கிலச் சொல் தவறி விழுந்தாலும், அதற்குரிய தமிழ்ச் சொல்லைக் கரும்பலகையில் பத்து முறை எழுதியாக வேண்டும். திருநெல்வேலியில் ஐந்து ஆண்டுகள் தமிழ் படித்துவிட்டுச் சொந்த ஊரான காட்டாக்கடைக்குத் திரும்பியவர் அவர். பனச்சமூட்டுக்கு அருகிலுள்ள அந்தப் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள் ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் பேசுவதைக் கேட்ட முதல் நாளே சட்டம் பிறந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது. அடுத்தவர் மாட்டிக்கொள்வதைப் பார்ப்பது எப்போதும் நல்ல பொழுதுபோக்குத்தானே. புதன்கிழமை அஞ்சு மாட்டிக்கொண்டாள்.

அன்று மழைக்காடு பாடம். வெள்ளிக்கிழமை வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, மலையடிவாரத்து மழைக்காட்டில் மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அந்த மலை நீலமாகத் தெரியும். ஆனால் வகுப்பில் ஒருவர்கூட அதனுள் கால் வைத்ததில்லை. "நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த பிறகுதான், அது தன் கையில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே காட்டின் நான்கு அடுக்குகளையும் காட்டும் மாதிரி ஒன்றைச் செய்து அதிகாரியை அசத்திவிடுவதென்று முடிவாயிற்று.

"டீச்சர், காடு செய்யுறதுக்கு கார்ட்போர்டு வேணும்லா?" என்று அஞ்சு நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள்.

"அட்டை" என்றார் டீச்சர், சாக்பீஸை நீட்டியபடி.

"டீச்சர், இங்க அட்டைன்னா வேற ஆக்கும். காலுல கடிக்குமே, அது."

"ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கலாம் அஞ்சு. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பத்து முறை."

அஞ்சு பத்து முறை எழுதினாள். பத்தாவது அட்டையை எழுதி முடித்தபோது அவள் முகத்தில் ஓர் அமைதி குடியேறியிருந்தது. அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் அந்த அமைதியைக் கண்டு அஞ்சியிருப்பார். ரேஷ்மி டீச்சருக்கு அது முதல் ஆண்டு.

வியாழக்கிழமை மாலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதினார்: "நாளை ஒவ்வொருவரும் இரண்டு அட்டை கொண்டு வரவும். பெரிதாகவும் தடித்ததாகவும் இருத்தல் நன்று."

அஞ்சுவின் அப்பா வேலாயுதன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவர் உடனே கேட்டார்: "டீச்சரே, வீட்டுல இல்ல. தோட்டத்துல உண்டு. எத்தன வேணும்?"

தோட்டத்துக் கொட்டகையில் காலிப் பெட்டிகள் கிடக்கும் போலும் என்று எண்ணி, "மிக்க நன்றி ஐயா. முடிந்த அளவு" என்று பதில் எழுதினார் டீச்சர்.

மறுநாள் காலை பசையும் கத்தரிக்கோலுமாக வகுப்புக்குள் நுழைந்தவரைக் கரும்பலகை வரவேற்றது. அதில் வகுப்புத் தலைவன் லிண்டோவின் அழகிய கையெழுத்தில், 'அட்டை வரவு: 64' என்று இருந்தது. மேசைமேல் ஊறுகாய்ப் புட்டிகளும் ஜாம் புட்டிகளும் வரிசையாக நின்றன. புட்டிகளுக்குள் ஏதோ நெளிந்தது, நீண்டது, சுருங்கியது, கண்ணாடியில் வாயை ஒட்டி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தது.

உலகில் ரேஷ்மி டீச்சர் அஞ்சும் உயிர் ஒன்றே ஒன்று. அது அறுபத்து நான்காகப் பெருகி எதிரே நின்றது.

"இது... என்ன?"

"அட்டை ஆக்கும் டீச்சர்" என்றாள் அஞ்சு, கைகட்டி. "தடிச்சது வேணும்னு சொன்னியல்லா? நாங்க எருமை எறங்குற குளத்துல நின்னு பிடிச்சோம்."

"நான் கேட்டது இதை இல்லை! நான் கேட்டது கார்ட்போர்டு!"

முப்பத்தொரு குரல்கள் ஒன்றாக எழுந்தன: "டீச்சர்! பத்து தடவ!"

டீச்சர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. பதினொன்றரைக்கு வர வேண்டிய அதிகாரி மோகனன் பத்தேகாலுக்கே வந்துவிட்டார். வரும்போதே சலிப்போடு வந்தார்.

"இது நாலாவது ஸ்கூலு டீச்சரே. மூணு எடத்துலயும் தெர்மோகோல் காடு. ஒரு காட்டுக்குள்ள ஒட்டகச்சிவிங்கி நிக்குது! நம்ம மலையில ஏது ஒட்டகச்சிவிங்கி? செரி, உங்க காடு எங்க?"

டீச்சரின் கையில் பசை மட்டும் இருந்தது. காடு இல்லை, காட்டுக்கு அட்டையும் இல்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாக நின்றது. அஞ்சுவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பழி தீர்த்த மகிழ்ச்சி அவள் முகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டிருந்தது.

"சார்" என்று எழுந்தாள் அவள். "காடு இந்தக் குப்பிக்குள்ள உண்டு."

"என்னது?"

"அது... அது டீச்சர் சொல்லுவாங்க."

எல்லாக் கண்களும் டீச்சர்மேல் விழுந்தன. ஆபத்து வேளையில் படித்தது கைகொடுக்கும் என்பார்கள், அன்று கொடுத்தது. பாடத்துக்காகப் புரட்டிய கட்டுரைகளில் ஒன்று அவர் நினைவில் மெல்ல நெளிந்து தலைதூக்கியது. இரு விரல்களால் ஒரு புட்டியை, அதன் மூடியை மட்டும் தொட்டு, தூக்கினார்.

"காட்டுக்குள் எந்த விலங்கு வந்து போயிற்று என்பதை அறிய, அட்டை குடித்த இரத்தத்தை ஆராய்கிறார்கள். மானின் இரத்தம் இருந்தால் மான் வந்திருக்கிறது. அட்டையின் வயிறு காட்டின் வருகைப் பதிவேடு. ஈரம் போனால் அட்டை போகும். மரம் போனால் ஈரம் போகும். அஞ்சு, உன் புட்டியில் யார் வருகை?"

"எருமை, டீச்சர்!"

"லிண்டோ?"

"தோட்டத்துல பிடிச்சது டீச்சர். வேலாயுதன் மாமா!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மோகனன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளுங்க மக்களே. போன வருசம் ஒரு ஸ்கூல கொண்டு போனேன். மத்தியானம் உச்சைக்கு முன்ன எல்லாரும் ஓடிட்டாவ. பிள்ளைய இல்ல, டீச்சர்மாருதான் மொதல்ல. அட்டையக் கண்டு ஒரே கூப்பாடு. உங்க காலுல ஏறினா என்ன செய்வீங்க?"

"உப்பு!" என்று கத்தினான் லிண்டோ.

அதிகாரியின் முகம் சுருங்கியது.

"எலே, போடா" என்றாள் அஞ்சு. "உப்பு போட்டா அது செத்துப் போவும். நகத்த வச்சு வாயத் தள்ளி விட்டா போதும். சாயங்காலம் எல்லாத்தையும் எடுத்த எடத்துலயே கொண்டு விடப் போறோம் சார்."

"எல்லாத்தையுமா?" மோகனன் கரும்பலகையைப் பார்த்தார். "அறுபத்தி நாலா? எண்ணுங்க. காட்டுல இருந்து எடுத்தத எண்ணிக் குடுக்கத் தெரிஞ்சவங்களத்தான் நான் காட்டுக்குள்ள விடுவேன்."

எண்ணினார்கள். அறுபத்து மூன்று. மீண்டும் எண்ணினார்கள். அறுபத்து மூன்றேதான். காற்று வேண்டுமே என்று காலையில் ஒரு மூடியைச் சற்றுத் திறந்து வைத்ததாக லிண்டோ மிக மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டான். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தார்கள். மோகனன் மணியைப் பார்த்தார்.

அஞ்சு மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். குரலே எழுப்பாமல், உதடுகளை மட்டும் அசைத்து, "டீச்சர், உங்க காலு" என்றாள்.

ரேஷ்மி டீச்சர் குனிந்து பார்த்தார். சுடிதாரின் விளிம்புக்குக் கீழே, கணுக்காலில், திராட்சைப்பழம் போல உப்பி, அறுபத்து நான்காவது அட்டை நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது. தொண்டை வரை ஏறி வந்த அலறலைப் பல்லால் கடித்து நிறுத்தினார். வாக்குக் கொடுத்தது அவர். மலை ஜன்னலில் நின்றது. டீச்சர்மாரின் கூப்பாட்டைப் பற்றி இப்போதுதான் பேசி முடித்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கிடைத்துவிட்டது" என்றார், யாருடைய குரலோ போன்ற ஒரு குரலில். "பார்த்தீர்களா? கடிப்பதே தெரியாது என்று பாடத்தில் படித்தோமே. அஞ்சு, நகத்தை வை."

அஞ்சு மண்டியிட்டு, விரல் நகத்தால் மெல்லத் தள்ளி, அதை ஜாம் புட்டிக்குள் சேர்த்தாள். "அறுபத்தி நாலு, சார்."

மோகனன் எழுந்து நின்று சிரித்தார். "அடுத்த மாசம் வண்டி அனுப்புறேன் டீச்சரே. நீங்களும் வரணும், கேட்டியளா? உங்கள மாதிரி தைரியசாலி ஒருத்தர நான் கண்டதில்ல."

ஜீப் பள்ளி வாசலைக் கடந்து, சந்திப்புத் திரும்பி, ஒலி அடங்கும் வரை ரேஷ்மி டீச்சர் அசையாமல் நின்றார். பிறகு அலறினார். தலைமையாசிரியை ஆலீஸ் அலுவலகத்திலிருந்து ஓடி வரும் அளவுக்கு, ஆங்கிலத்தில் கடவுளை அழைத்து, நீளமாக அலறினார்.

"பத்து தடவ!" என்றது வகுப்பு.

அவர் மறுக்கவில்லை. சட்டம் சட்டம்தான். கார்ட்போர்டு என்று சொல்லிக் காலையில் பட்ட கடனிலிருந்தே தொடங்கினார். கணுக்காலில் இரத்தம் இன்னும் நிற்காமல் கசிந்துகொண்டிருக்க, கரும்பலகையில் 'அட்டை' என்று எழுத எழுதப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். பத்தாவதை எழுதி முடித்து அவர் திரும்பியபோது அஞ்சு கையுயர்த்தினாள்.

"டீச்சர், இது எந்த அட்டை?"