ஆணியில் தொங்கும் கட்டடம்

கட்டாத கட்டடத்தின் நிழல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தது. அன்றைக்குத்தான் தக்காளி விலையும் ஏறியது, அதனால் தெருவில் பாதிப்பேர் தக்காளியைப் பற்றியே பேசினார்கள். நாற்பது மாடிக் கட்டடத்துக்கு உண்டான நிழல், கட்டடம் மட்டும் இல்லை. அது நின்றிருக்க வேண்டிய காலிமனையில் முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடந்தன. பக்கத்து மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடி மட்டும் இருண்டுபோனது. வெயில் எந்தப் பக்கம் போனாலும் நிழல் அங்கேயே குந்தியிருந்தது.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர் அதே வீட்டின் முதல் மாடியில் இருந்தார். ஊரே தன் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கப்போகிறது என்று வருடக்கணக்கில் சொல்லித் திரிந்தவர். பால்கனிகளுக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே என்று நகரசபையில் கேட்டார்கள். வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றார், அவர்களும் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபத்தோடு வீட்டுக்கு வந்தவர், ஊர் முழுவதும் தெரியும் ஒரு புகைப்படத்தில் தன் கட்டடத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வரைந்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அவர் ஆணி அடித்த நேரமும் நிழல் விழுந்த நேரமும் ஒன்று.

மொட்டைமாடி அவருடைய அண்ணியின் பிழைப்பு. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அங்கேதான் உலர்த்துவாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே இருவருக்கும் ஆகாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் அவளை மாடியில் குடியிருக்கும் ஆள் என்பார். அவள் அவரைக் காகித மேஸ்திரி என்பாள், அந்தப் பெயரே தெருவில் நிலைத்துவிட்டது. நிழல் விழுந்த பிறகு விரிப்புகள் காயவில்லை. நாற்றமடிக்கிறது என்று ஓர் ஓட்டல் மூட்டையோடு திருப்பி அனுப்பியது, இன்னொன்று வேறு ஆள் பார்த்துக்கொண்டது. மூன்றாவதும் போனால் அடுப்பு எரியாது.

அவளுடைய புருஷன் பஸ் ஓட்டுகிறவர், மனைவிக்கும் தம்பிக்கும் சமமாகப் பயப்படுகிறவர். கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க அவர் படத்தைக் கழற்றியபோது மொட்டைமாடியில் வெயில் பளீரென்று விழுந்தது, திரும்ப மாட்டியதும் போய்விட்டது. விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. அவள் இறங்கி வந்து, துணி காயும் வரைக்குமாவது கழற்றி வையுங்கள் என்று கொழுந்தனிடம் கேட்டாள். அவரிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஊரின் முகத்தை அழுக்குத் துணிக்காகக் கழற்றுவதா என்று சொல்லி, அவர் படத்தைத் தன் அறைக்கு மாற்றிப் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

மழைக்காலத்துக்குப் பிறகு காகங்கள் காலிமனைக்கு மேலே ஆகாயத்தில் வரிசையாக உட்கார ஆரம்பித்தன. அவள் சில நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலை, ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் கால் வைத்தாள். தாங்கியது. கைப்பிடி இல்லாத அந்தப் பால்கனியில், இல்லாத சுவரைத் தடவிக்கொண்டே மறுபக்கம் போனாள். அங்கே வெயில் கொளுத்தியது. கயிறு கட்டி விரிப்புகளைப் போட்டாள். கீழே காய்கறிக்காரர் நிமிர்ந்து பார்த்து, பார்த்து நடக்கச் சொல்லிவிட்டு, மறுபடி தராசைப் பிடித்தார்.

காகித மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முகப்பில் ஈரத்துணி தொங்குகிறதே என்று மொட்டைமாடிக்கு ஓடினார். சுவரைத் தாண்டி ஒரு காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். அங்கே ஒன்றும் கட்டப்படவில்லை என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"அண்ணி, மரியாதையா இந்தப் பக்கம் வாங்க. இல்லேன்னா படத்தைக் கழட்டிடுவேன்."

அவள் வாயிலிருந்த கிளிப்பை எடுத்து ஒரு விரிப்பில் மாட்டினாள். பிறகுதான் மூலையைச் சுற்றித் திரும்பி வந்து அவரைப் பார்த்தாள்.

"கழட்டுங்க தம்பி. நான் விழுந்தா ஓட்டல்காரன் வேற ஆள் பாத்துப்பான். இது போச்சுன்னா உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

அவர் விறுவிறுவென்று படியிறங்கினார். படிக்கட்டில் நின்ற அண்ணனுக்கு அறைப்பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்துச் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தம்பி படம் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் அதைவிடத் தடிமனான இன்னொன்றை அடித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படத்திலும் அந்த மாடியில் வெள்ளை விரிப்புகள் தெரிகின்றன, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. தினமும் காலையில் அவள் கூடையைத் தூக்கும் சத்தம் கேட்டதும் அவர் இரண்டு ஆணிகளையும் அசைத்துப் பார்க்கிறார். அது அவளுக்காக இல்லை என்று தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். துணிகள் மதியத்துக்குள் காய்ந்துவிடுகின்றன.