பேசிக்கொண்டே வந்தவள்

கிளம்புவதற்கு முன்பே களைத்துப்போகிற குடும்பங்கள் உண்டு. சூப்பர்வைசர் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் பத்து நாள், அதுவும் நகரம் கிகரம் எதுவும் வேண்டாம், மலையடிவாரம், புல்வெளி, மாடு மேய்கிற பண்ணை வீடு என்று எல்லாம் முடிவாகி விமான டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. இறங்கிய பிறகு வாடகைக் காரில் சுற்றுவதா, ரயிலில் சுற்றுவதா என்பதில்தான் இழுபறி.

மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து இரண்டு பட்டியல் போட்டிருந்தாள். கார் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ரயில் பட்டியலில் மூன்றே வரி. மூன்றும் அப்பா சொன்னவை.

"ரயில்ல கழிப்பறை இருக்கும்னு எழுதியிருக்கேன்பா. இதெல்லாம் ஒரு காரணமா?"

"வயசானா தெரியும்," என்றார் சூப்பர்வைசர்.

"கார்னா நினைச்ச இடத்துல நிறுத்தலாம் மாமா," என்றான் மச்சான். "ஒரு மாட்டைப் பார்த்தா நிறுத்தி போட்டோ எடுக்கலாம். ரயில்காரன் மாட்டுக்காக நிறுத்துவானா?"

மச்சான் என்பது மனைவியின் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வேலையாக ஐந்து நாள் அந்த நாட்டுக்குப் போய்வந்தவன். அந்த ஐந்து நாளை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாகக் கதை விடுகிறான். இத்தனைக்கும் அவனுக்கு ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. காரில்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள் எப்போதுமே பின்சீட்டில் உட்காருகிறவர்கள்தான்.

"அங்கெல்லாம் எதிர்ப்பக்கம் ஓட்டணும்டா. பழக்கமில்லாத ரோடு."

"உங்களுக்கா பழக்கமில்ல? நீங்க ஓட்டினா மடியில வச்ச காபி தளும்பாது. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கீறல் உண்டா? டிரைவரைக் கையில வச்சுக்கிட்டு யாராவது ரயிலுக்கு அலைவாங்களா?"

இதைக் கேட்டால் சூப்பர்வைசருக்கு எப்போதும் முகம் மலர்ந்துவிடும். இன்றைக்கு மலரவில்லை.

அவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவர். காலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து நிற்கும். ஐந்து மணிக்குள் முதல் நடைக்கான படுக்கை விரிப்புகள் இயந்திரத்துக்குள் போயிருக்க வேண்டும். ரத்தக்கறை தனி, மருந்துக்கறை தனி, ஆபரேஷன் தியேட்டர் துணி தனி என்று பிரிக்க வைத்து, நீராவிச் சூட்டில் நின்று, வார்டு வார்டாகக் கட்டி அனுப்ப வேண்டும். கூட இருந்த இன்னொரு சூப்பர்வைசர் ஒரு வருஷமாக இல்லை. அந்த ஆளின் வேலையையும் இவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு செருப்போடு தூங்கிப்போவார்.

ஆஸ்பத்திரியில் அவரை டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அழுக்குத்துணி அறையில் ஒருத்தர் இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் விடுமுறை நாளில் காரை எடுத்துவிட்டால் அவர் வேறு ஆள். சொந்தக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவர் வண்டியில் ஏறுவார்கள். அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

"அம்மா, நீ சொல்லும்மா. காரா, ரயிலா?" என்றாள் மகள்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் நாளெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் பேசிப் பேசி, வீட்டில் வாயைத் திறக்கவே யோசிக்கிறவள் அவள். "அப்பா சொல்லட்டும்," என்றாள்.

வீட்டில்தான் இப்படி. காரில் ஏறினால் அவளுக்கு என்னதான் ஆகிறதோ, சில மாதமாக ஓயாமல் பேச்சு. அந்தக் கட்டடத்துக்கு எத்தனை ஜன்னல் இருக்கும், எருமைக்குக் கனவு வருமா, உங்க பெரியப்பா பையன் ஏன் மீசையை எடுத்தான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்பாள். ம் கொட்டினால் போதாது, பதில் சொல்லியாக வேண்டும். நடுநடுவே ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் திணிப்பாள். "கொஞ்சம் சும்மாதான் வாயேன்," என்று இரண்டு தடவை எரிந்துகூட விழுந்திருக்கிறார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கார் கம்பெனிக்காரன் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வண்டியை நிறுத்திவைப்பான்பா," என்றாள் மகள். "ஓட்டுநர் பெயர்னு கேக்குது. உங்க பேரைப் போடட்டுமா?"

எட்டு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல அதுதான் நேரம். சூப்பர்வைசர் வாயைத் திறந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மதியம் மூன்று மணி. வளைவே இல்லாத ரோடு. பின்சீட்டில் மகளும் மச்சானும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். பக்கத்தில் மனைவியும் கண்ணை மூடியிருந்தாள். வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, முந்தின நாள் இரட்டை வேலை. கண் எப்போது மூடியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "தண்ணி பாட்டிலை எடுங்களேன்," என்ற மனைவியின் குரல் கேட்டு விழித்தபோது இடது சக்கரங்கள் சரளையில் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் ஒரு விளக்குக்கம்பம். ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பி ரோட்டுக்கு வந்த பிறகுதான் உயிர் வந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி பாட்டிலை எடுத்துக்கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை மூடியைத் திறக்கவில்லை. நல்லவேளை, அவளுக்குத் தாகம் எடுத்தது, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எட்டு மாதமாக அவர் சாமி கும்பிடுகிறார்.

"என்ன மாமா, பயமா?" என்று சிரித்தான் மச்சான். "உங்களுக்கே பயம்னா நாங்கெல்லாம் நடந்துதான் போகணும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. "எனக்கென்னடா பயம்? போடும்மா என் பேரை," என்றார்.

மகள் கைதட்டினாள். "லைசென்ஸ் நம்பர் வேணும்பா."

லைசென்ஸ் காரில் இருந்தது. சூப்பர்வைசர் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பத்து நாள். மலைப்பாதை. எதிர்ப்பக்கம் ஓட்டவேண்டிய ரோடு. பின்சீட்டில் மகள். பெற்ற பிள்ளையை வீம்புக்காக ஏற்றிக்கொண்டு போகிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனாலும் திரும்பி ஏறிப்போய்ச் சொல்லும் தெம்பு அவருக்கு இல்லை.

காரில் உட்கார்ந்து லைசென்ஸைத் தேடி எடுத்தார். உடனே எழுந்திருக்க முடியவில்லை. மறுபக்கக் கதவு திறந்தது. மனைவி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

இரண்டு பேரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த சைக்கிள் யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை.

"என்ன, கார்ல ஏறினா வாய் ஓயாது, இன்னிக்குப் பேச்சையே காணோம்?" என்றார்.

"வண்டி ஓடலையே," என்றாள் அவள்.

அது காதில் விழுந்து, உள்ளே இறங்கிப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜன்னல், எருமை, மீசை, ஆரஞ்சுச் சுளை என்று எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சும்மா வாயேன் என்று எரிந்து விழுந்ததும் வந்தது.

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கு எனக்குத் தாகமே எடுக்கலைங்க."

"நீ தூங்கலையா?"

"அதுக்கு முன்னாடியே உங்க தலை ரெண்டு தடவை ஆடுச்சு. கத்தினா பதறிப்போய் எங்கேயாவது விட்ருவீங்களோன்னுதான் தண்ணி கேட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "அன்னையிலேருந்து உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே வரேன். வீட்டுக்கு வந்தா எனக்குத் தொண்டை வலிக்கும்."

"ஏன் சொல்லலை?"

"அவங்க ரெண்டு பேரும் உங்களைத் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க. நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். இப்பக்கூட வாயைத் திறந்தீங்க."

சூப்பர்வைசர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த படத்தில் முடி கறுத்த, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஆள் இருந்தான். அவருக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுவதில் இப்போது வெட்கம் இல்லை.

"கண்ணசந்துட்டேன்," என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். "உங்க எல்லாரையும் உட்கார வச்சுக்கிட்டு கண்ணசந்துட்டேன்."

"தெரியும்." அவள் இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னா பேசிட்டு வந்துருவேன். பத்து நாள் என்னால பேச முடியாதுங்க. ரயில்லயே போலாம். நானும் கொஞ்சம் தூங்கணும்."

அவர் பையில் இருந்த போன் அடித்தது. மகள்தான்.

"நம்பர் கிடைச்சுதாப்பா? நேரமாகுது. மாமா வேற ஸ்டீரிங் எந்தப் பக்கம்னு எனக்குப் பாடம் எடுத்துட்டிருக்கார்."

"ரயில் டிக்கெட்டைப் போடும்மா."

"ஐயோ, மறுபடியுமா? இந்தத் தடவை என்ன காரணம் எழுதட்டும்? கழிப்பறையா?"

மச்சான் பக்கத்தில் சிரிப்பது கேட்டது. சூப்பர்வைசர் லைசென்ஸை எடுத்த இடத்திலேயே வைத்து மூடினார்.

"அப்பாவுக்கு வண்டி ஓட்டும்போது தூக்கம் வருதும்மா. அன்னைக்குக் கல்யாணத்துல இருந்து வரும்போது தூங்கிட்டேன். அம்மாதான் எழுப்பினா. அதையே எழுது."

மறுமுனையில் சிரிப்பு நின்றுபோயிற்று. மகள் அப்பா, அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். "மேல வந்து பேசறேன். அம்மாவும் என்கூடத்தான் இருக்கா," என்றார். திரும்பிப் பார்த்தால், மனைவி வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். அவர் போனை அணைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். அவள் எழுந்திருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.