குழாய்க்கு அடியில் வாளி

சின்னவள் தன் கதையில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். கூடப்பிறந்த அக்காவைத் தோழியாக்கினாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அத்தானை லாரி முதலாளியாக்கி, வழுக்கையில் முடி நட்டு, மீசையும் வைத்துவிட்டாள். இனி பெற்றவளே வந்தாலும் அடையாளம் தெரியாது என்று நிம்மதியாக வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். குழாயை மட்டும் மாற்றவில்லை. மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். கதையே அந்தக் குழாயில்தான் நின்றது.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. மதியம், பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவர் புது இதழை விரித்துக் காட்டினார்.

"பிரமாதம்மா! புருஷன் காதுல விழக் கூடாதுன்னு குழாயத் திறந்துவிட்டுட்டுப் போன் பேசுறா பாரு! வாயத் திறக்காம 'ம்' மட்டும் கொட்டுறா. இதெல்லாம் எங்கிருந்துதான் தோணுதோ உனக்கு!"

எங்கிருந்து தோன்றும்? அக்கா அப்படித்தான் பேசுவாள். அத்தான் கை நீட்டுகிறவர். உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. சனிக்கிழமை அவர் சரக்கு வாங்க வெளியூர் போனதும் அக்கா வீட்டைவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. அவளோடு படித்த நர்ஸ் ஒருத்தி இடம் தருகிறாள். துணிப்பை ஏற்கெனவே அங்கே போய்விட்டது. இப்படி ஒரு நர்ஸ் இருப்பதே அத்தானுக்குத் தெரியாது. இத்தனையும் 'ம்' 'ம்' என்றே பேசி முடித்தது.

பாராட்டில் உச்சி குளிர்ந்த சின்னவளுக்கு மறுநொடியே வேறொன்று உறைத்தது. கண்ணாடிக் கடையில், காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காக இதே பத்திரிகையைத்தான் போட்டு வைப்பார்கள். அதை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் அத்தான். கதைக்கு மேலே அவளுடைய சொந்தப் பெயர் வேறு கொட்டை எழுத்தில். பெருமை யாரை விட்டது?

உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்து, எடுக்கப்பட்டு, குழாய்ச் சத்தம் கேட்டதும்தான் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். நீ இன்னிக்கே கிளம்பிடு."

"ம்."

"நேரா அந்த..."

நர்ஸ் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் காதில் ஏதோ இடறியது. தண்ணீர் வெறும் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா சொட்டுத் தண்ணீரை வீணாக்கமாட்டாள். வாளியை வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பாள். தடதடவென்று தொடங்கும் சத்தம், வாளி நிறைய நிறைய அடங்கி மெதுவாகும். இந்தச் சத்தம் அடங்குவேனா என்றது. அந்த வாளியையும் கதையில் எழுதித்தான் இருந்தாள். வாக்கியம் நீளுகிறதே என்று அவளே அடித்துவிட்டாள்.

கதையில் இல்லாத வாளி அத்தானுக்கு எப்படித் தெரியும்?

சின்னவள் பேச்சைத் திருப்பினாள்.

"...நேரா அந்த டாக்டரம்மாகிட்ட வந்துடு. போன மாசம் உனக்கு எடுத்த எக்ஸ்ரேல கடவாய்ப்பல்லு சீழ் வெச்சிருக்காம். உங்கிட்டச் சொல்லவே மறந்துட்டேன் பாரு, தள்ளிப்போட்டா தாடையே வீங்கிடுமாம். அப்புறம், என் கதை வந்திருக்குக்கா. எங்க மெழுகுக்காரரோட தங்கச்சி கதை. பாவம், அழுதுக்கிட்டே சொன்னா. குழாய் சமாச்சாரமெல்லாம் அவளோடதுதான்."

பிறந்ததிலிருந்து இவ்வளவு வேகமாக அவள் கதை கட்டியதில்லை. மெழுகுக்காரர் வாயைப் பிளந்தார். அவருக்குத் தங்கச்சியே கிடையாது.

குழாய் நின்றது.

"நான்தாம்மா," என்றார் அத்தான், தேன் சொட்ட. "உங்க அக்கா உள்ள இருக்கா. சாயங்காலம் நானே கூட்டிட்டு வரேன்."

நம்பினாரா, நம்பியதுபோல் நடித்தாரா? சின்னவள் முன்னறையிலிருந்த பல் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, பின்சந்துக்குக் காரோடு வரச் சொன்னாள்.

சாயங்காலம் சொன்னபடியே வந்தார்கள். அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்திருந்தாள். அத்தானும் கூடவே உள்ளே நுழையப் பார்த்தார்.

"பேஷன்ட் மட்டும்தான் சார்," என்று டாக்டரம்மா வாசலை மறித்து நின்றார்.

"அதுக்கென்ன, வெளியவே இருக்கேன்," என்று சிரித்தார் அத்தான். "சத்தம் கேக்குற தூரத்துலதான்."

நாற்காலி போட்ட அறையைத் தாண்டினால் பின்னறை, அதைத் தாண்டினால் பின்கதவு. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் பல நாளாகிறது. இழுத்தால் ஊரையே கூட்டும். அந்தச் சத்தத்தை அமுக்க, சின்னவளின் கை தானாகத் தொட்டிக் குழாய்க்குப் போனது. அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அவள் மணிக்கட்டு முழுக்கக் கன்றியிருந்தது.

"வேண்டாம்டி," என்று காதோடு சொன்னாள். "என்னை உக்காரவெச்சு உன் கதை மொத்தமும் படிச்சுக் காட்டினாரு."

சின்னவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. டாக்டரம்மா ஆளில்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ப் பல்லைக் குடையும் மெஷினை முடுக்கினார். அது கீச்சிட்ட கீச்சில் தாழ்ப்பாளின் குரல் அமுங்கிப்போனது. அக்கா சந்தில் இறங்கி ஓடினாள். கார்க் கதவு திறந்து மூடியது.

"இன்னும் எவ்வளவு நேரம் குடைவீங்க?" முன்கதவுக்கு மிக அருகில் அத்தானின் குரல்.

"வேர் வரைக்கும் போயிருக்கு சார்," என்றார் டாக்டரம்மா, வெறும் காற்றைக் குடைந்தபடி. "பொறுமையா இருங்க."

கார் பெரிய தெருவைத் தொட்டிருக்குமா? பின்கதவைச் சாத்தப் போன சின்னவள் கீழே பார்த்தாள். படியில் அக்காவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வார் அறுந்த இடத்தைச் சிவப்பு நூலால் அவளே தைத்திருந்தாள்.

சிவப்பு நூல்! எவ்வளவு நல்ல விவரம், இதிலிருந்தே தொடங்கலாமே என்று மனசு வாக்கியத்தைக் கட்டத் தொடங்கிவிட்டது. முதல் வரி முழுசாக வந்தும் விட்டது.

அத்தான் கதவைத் தட்டினார். சின்னவள் செருப்பை எடுத்து, பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைக்குள் கை கொண்ட மட்டும் ஆழமாகப் புதைத்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் அத்தானைவிடத் தன்னைப் பார்த்துத்தான் அதிகம் பயமாக இருந்தது.