ஆறாவது பெஞ்சு

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நடக்கிறவள் சாயங்காலம் பூங்காவில் வேறு ஏன் நடக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கும் என்னிடம் அதற்கு ஒரே பதில்தான். "அங்க அடிக்கு ஒருத்தர் கூப்பிடுவாங்க. இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க."

கால் கெஞ்சினாலும் மூன்று சுற்று நடப்பேன். மர நிழலுக்குள் நுழைந்ததும், கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்த வார்டு மெல்ல இறங்கிப்போகும். யாருக்கு என்ன மாத்திரை என்று நினைக்காத அரை மணி நேரம் அது ஒன்றுதான்.

நேற்று இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துவிட்டுப் போனேன். கண் திறந்திருந்ததே தவிர, விழித்திருந்தேன் என்று சொல்ல முடியாது. பாதை வளைவை ஒட்டிய ஆறாவது பெஞ்சில் ஒரு பெரியவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு நின்று, அவர் நெற்றியில் கை வைத்தேன். பிறகு மணிக்கட்டைப் பிடித்து நாடியும் பார்த்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா?"

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒண்ணுமில்லப்பா, காய்ச்சல் இல்ல. தூங்குங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

இன்று அந்த வளைவில் திரும்பியபோது, அதே பெஞ்சில் அவரோடு இன்னும் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தம்மாதான்" என்றார் பெரியவர்.

நான்கு பேரும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, வரிசையாகக் கையை நீட்டினார்கள்.