பழைய நம்பரின் சம்மதம்

கண்ணாடிக்காரர் கடையை ஏழு கடல் தாண்டி மாற்றிவிடவில்லை. பக்கத்துக் கடைதான், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மூன்று வருஷத்துக்கு முன்புவரை, கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணனோடு ஒரே கடையில் இருந்தார். பெயர்ப்பலகையில் கடிகாரம் மேலேயா, மூக்குக்கண்ணாடி மேலேயா என்று ஒருநாள் வார்த்தை தடித்தது. மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியவர் அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார். விலாசம் மாறியதை வரி அலுவலகத்துக்குச் சொல்லவும் மறந்துபோனார். ரோஷப்படுகிறவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்!

இப்போது அந்த அலுவலகத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருவார். பதிவிலுள்ள விலாசத்தில் கடை இல்லையென்றால் பதிவு ரத்து. பதிவு போனால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

புதன்கிழமை காலையிலேயே அலுவலகத்துக்கு ஓடினார். கவுன்டரிலிருந்த அம்மாள் புது விலாசம், புது நம்பர் எழுதிய மனுவை வாங்கி முத்திரை குத்தினாள். நான்கு மணிக்கு மெஷின் பழைய நம்பரைக் கூப்பிடும், அங்கே இருப்பவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாள். பழைய போன் இருப்பதோ அண்ணன் மேஜையில். புது நம்பரைக் கூப்பிடக் கூடாதா என்று கெஞ்சிப் பார்த்தார்.

“புது நம்பர் எங்க பதிவுலயே இல்லையே, சார்.”

“அதைச் சொல்லத்தானேம்மா வந்திருக்கேன்.”

“சொல்லிட்டீங்க. பழைய நம்பர்ல ஒத்துக்கிட்டாத்தான் நீங்க சொன்னதா எடுத்துப்போம்.”

அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு வைத்த கால் திரும்பிவிட்டது. நான்கு மணிக்குச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். அண்ணனுக்குக் காது மந்தம். போனில் கேட்பதையெல்லாம் ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்லுவார்.

“கண்ணாடிக் கடை வேற இடம் போயிருந்தா ஒண்ணு... இங்கயே இருந்தா ரெண்டு...”

ஒன்று, ஒன்று என்று இவர் சுவரோடு முணுமுணுத்தார். மெஷின் மறுபடி கேட்டது போலும்; அண்ணனும் மறுபடி ஒப்பித்தார். அப்புறம் குரல் இறங்கியது.

“போயிட்டான்னு என் வாயால சொல்லணுமாம்மா? அவன் இங்கதான் இருக்கான். இந்தா, ரெண்டு.”

கண்ணாடிக்காரர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். மனு தள்ளுபடி, பழைய விலாசமே உறுதியாகிவிட்டது என்றாள் அந்த அம்மாள். குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்ட கதைதான். கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது அழுகை.

வேறு வழி? வெள்ளிக்கிழமை காலை லென்ஸ் தேய்க்கும் மெஷினையும் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டையையும் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் நான்கு அலாரம் கடிகாரங்களை ஓரமாகத் தள்ளி மேஜையில் இடம் விட்டார். ஆய்வாளர் வந்தார், மெஷினைப் பார்த்தார், கடை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து வருகிற பேச்சல்லவா, முக்கி முனகித்தான் வந்தது.

“திங்கக்கிழமை மறுபடியும் மனு போடணும், அண்ணே.”

அண்ணன் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போடு. யாரு வேணாம்னா? போன் வந்தா நான் ரெண்டுதான் அழுத்துவேன்.”